ஊசி வருது, வழி விடுங்க

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு டாக்டர் எஸ்தரிடமிருந்து எனக்கு ஒரு குரல்செய்தி வந்தது. "வேலு, வந்துடுச்சு! இந்த வருஷத்து ஃப்ளூ ஊசி மொத்தமும் வந்துடுச்சு! நிமோனியா ஊசியும் சேர்த்தே அனுப்பிட்டாங்க. சீக்கிரம் வாங்க, எண்ணி ஃபிரிட்ஜுல அடுக்கணும்." திருவிழாவுக்குத் துணி எடுத்து வந்தவர் பேசுவது போல இருந்தது குரல். நான் பல் தேய்த்தபடியே இரண்டு முறை கேட்டேன். எட்டரை மணிக்கு அவருடைய கிளினிக்கிலிருந்து நர்ஸ் ரோஸி கூப்பிட்டார். "சார், மேடம் போயிட்டாங்க சார்" என்றார். "எங்க போயிட்டாங்க? என்னை வரச் சொன்னாங்களே" என்று கேட்டேன். ரோஸி அழுதபோதுதான் எனக்குப் புரிந்தது.

கடைசிப் பெட்டியையும் பிரித்து எண்ணி முடித்துவிட்டு, "சரியா இருக்கு ரோஸி" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் எழவில்லை. ஐம்பத்து மூன்று வயது.

காஞ்சிபுரத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. இருந்தாலும் வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எஸ்தர் மூட்டுவாத நோய்களுக்கான மருத்துவர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, புத்தி மாறி உடம்பையே தாக்கும் முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு வைத்தியம் பார்த்தார். பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் கேட்கும் தெருவில் கிளினிக். நான் சின்ன காஞ்சிபுரத்தில் பொது மருத்துவம் பார்ப்பவன். என்னிடம் மூட்டு வீங்கி வருபவர்களை அவரிடம் அனுப்புவேன். அவரிடம் காய்ச்சலோடு வருபவர்களை அவர் என்னிடம் அனுப்புவார். பதினெட்டு வருடம் இப்படி நோயாளிகளைப் பகிர்ந்துகொண்டோம். நிறையச் சண்டையும் போட்டுக்கொண்டோம்.

சண்டை என்றால் அவருக்கு உற்சாகம். பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்டவர்கள். ஒன்பது வயதில் தொண்டை வலியில் தொடங்கி, மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சல் வந்து, அது அவருடைய இதய வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போனது. மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும்போது செயற்கை வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அது டிக் டிக் என்று அடிப்பது கேட்கும். "உங்க வாட்ச் சத்தம் பெருசா இருக்குது மேடம்" என்று நோயாளிகள் சொல்வார்கள். "அது கையில இல்லமா, நெஞ்சுல இருக்குது" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்த்துச் சிரிப்பார். இப்படிப்பட்டவர் மெதுவாக நடப்பார் என்றுதானே நினைப்போம்? அவரோடு நடக்க நாங்கள் ஓட வேண்டியிருந்தது.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் ஓர் உற்சாகத் துடிப்பு வந்துவிடுகிறது. மன்னிக்க வேண்டும். அவரோடு கழித்த கடைசி மூன்று வருடங்கள் அப்படி. அந்த மூன்று வருடங்களைத் தொடங்கி வைத்தவர் மல்லிகா.

மல்லிகா பட்டு நெசவு செய்பவர். முப்பத்தெட்டு வயதில் முடக்குவாதம் வந்து, அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட முடியாமல் விரல்கள் மடங்கிக் கிடந்தன. எஸ்தர் கொடுத்த மாத்திரையில் ஏழெட்டு மாதத்தில் மறுபடியும் தறியில் உட்கார்ந்தார். அந்த மாத்திரை, புத்தி மாறிய எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரை. அடக்கி வைத்தால் மூட்டு பிழைக்கும். ஆனால் வெளியிலிருந்து கிருமி வந்தால் எதிர்க்கிற ஆளும் சோர்ந்துதான் இருப்பான். அதனால் இப்படி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட வேண்டும். எங்கள் புத்தகங்களில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. எஸ்தரும் படித்திருக்கிறார். நானும் படித்திருக்கிறேன்.

ஒரு மார்கழியில் மல்லிகா காய்ச்சல், இருமலோடு என்னிடம் வந்தார். மருந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது. அவர் கணவர் குமரேசன் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நிமோனியா. பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சை, அதில் ஆறு நாள் செயற்கைச் சுவாசம். பிழைத்து வந்தார். வந்த பிறகு நேரே எஸ்தரின் கிளினிக்குக்குப் போய், "அந்த வேலு டாக்டரையும் வரச் சொல்லுங்க" என்றிருக்கிறார்.

நான் போனபோது மல்லிகா ஒரு பக்கம், எஸ்தர் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா பாதியாக இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"அங்க ஒரு டாக்டரம்மா கேட்டாங்க. இந்த மாத்திரை சாப்புடறவங்களுக்கு நிமோனியாவுக்கு ஊசி இருக்குதே, போட்டுக்கினியான்னு. இல்லன்னேன். யாருமே சொல்லலியான்னாங்க. எனக்கு என்னா சொல்றதுன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க. இத யாரு எனக்கு சொல்லியிருக்கணும்?"

எஸ்தர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான்தான் மல்லிகா. மாத்திரை எழுதின அன்னைக்கே சொல்லியிருக்கணும். வேலு சார் பார்த்துப்பாருன்னு விட்டுட்டேன். தப்பு என்னுது."

அந்தக் கணம் நான் தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தேன். மல்லிகா விடவில்லை.

"இவரைத்தான் நான் கேட்டேனே. போன வருஷமே கேட்டேன். மாத்திரை சாப்புடற ஒடம்புக்கு ஊசி ஆகாதுன்னாரு."

நான் அப்படிச் சொன்னது உண்மை. உயிருள்ள கிருமியை வைத்துச் செய்யும் சில தடுப்பூசிகள்தான் அப்படிப்பட்டவர்களுக்கு ஆகாது. ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் அந்த வகை இல்லை. அது எனக்குத் தெரியாததல்ல. வரிசையில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்த நேரத்தில், யோசிக்காமல், வேண்டாம் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"போட்டிருந்தா இது வந்தே இருக்காதா?" என்று குமரேசன் கேட்டார்.

"அப்படி என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றார் எஸ்தர். "ஆனா இவ்வளவு மோசமாப் போகாம இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை நாங்க ரெண்டு பேரும் மல்லிகாவுக்குக் குடுக்கல."

மல்லிகா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"சரி. இப்ப போட்டுக்கறேன். நீங்க போட்டுக்கினீங்களா?"

"இல்ல" என்றார் எஸ்தர்.

"ஏன்?"

"நேரம் கிடைக்கலன்னு சொல்லலாம். அது பொய். எனக்குன்னு தோணவே இல்ல."

என்னிடம் கேட்காமலிருக்க வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டேன். மல்லிகா கேட்டார். கொரோனா ஊசி போட்டுக்கொண்டேன் என்றேன். "அது எல்லாரும்தான் போட்டுக்கினோம். இது?" இல்லை என்றேன். "அப்ப நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போட்டுக்கோங்க. நான் கண்ணால பாக்கணும். அப்புறமா எனக்குப் போடுங்க" என்று சொல்லி எழுந்து போனார்.

வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்த எஸ்தரின் முகத்தை நான் மறக்கவே முடியாது. அவமானம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது. "வேலு, இவங்க கேட்ட மாதிரி நம்மளை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல! எத்தனை டாக்டருங்க போட்டுக்காம இருக்கோம், தெரிஞ்சாகணும்!" என்று போனை எடுத்தார். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. ஊரில் தெரிந்த மருத்துவர்களுக்கெல்லாம் வரிசையாகப் போன். கேட்டது ஒரே கேள்வி: "நீங்க போட்டுக்கிட்டீங்களா?"

வந்த பதில்களை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தார். தினமும் நோயாளிகளோடு இருப்பதால் தானாகவே எதிர்ப்பு சக்தி வந்துவிடும் என்றார் ஒருவர். ஃப்ளூ ஊசி போட்டால் ஃப்ளூ வரும் என்று, எம்.டி. படித்த ஒருவர் சொன்னார். மஞ்சள் காமாலைக்கான ஊசியில் இரண்டு டோஸ் போட்டுவிட்டு மூன்றாவதை இருபது வருடமாக மறந்து போனவர்கள் மூன்று பேர். என் முறை வந்தபோது, "உங்க காரணம் என்ன வேலு? நிஜத்தைச் சொல்லுங்க" என்றார். ஊசி என்றால் எனக்குப் பயம் என்றேன். ஆயிரக்கணக்கான பேருக்கு ஊசி குத்திய நான் இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் உண்மையைச் சொல்லியிருக்கீங்க" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுத்து மருத்துவர்களைக் கூட்டினார். இலை போடும் நீள மேசைகளுக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்து, மல்லிகாவின் அனுமதியோடு, நடந்ததை மறைக்காமல் சொன்னார். மல்லிகாவுக்கு என்ன செய்யத் தவறினோம் என்று சொன்னார். தான் போட்டுக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னார். "நாம போட்டுக்காத ஊசியைப் பத்தி நோயாளிகிட்ட நாம பேசறதே இல்ல. கவனிச்சுப் பாருங்க. கேட்டா தடுக்கறோம், கேக்கலன்னா மறந்துடறோம்" என்றார்.

கூடத்தில் மூத்தவர் எலும்பு மருத்துவர் சம்பந்தம். எனக்கே அவரிடம் பேசப் பயம். அவர் எழுந்து, "எஸ்தர், நாப்பது வருஷமா இந்த ஊசி எதுவும் போடாமத்தான் பிராக்டிஸ் பண்றேன். எனக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகல சார். ரொம்ப சந்தோஷம். இருமிக்கிட்டே நீங்க பார்த்த நோயாளிங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சம்பந்தம் சார் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். எஸ்தர் உடனே போய் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "கோவிச்சுக்காதீங்க சார், இது எனக்கும் சேர்த்துத்தான்" என்றார். அன்று பதினான்கு பேர் ஊசி போட்டுக்கொள்ளப் பெயர் கொடுத்தார்கள். சம்பந்தம் சார் கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே தன்னிடம் வந்த முடக்குவாத நோயாளி ஒருவரை, 'தடுப்பூசி பற்றி விளக்கவும்' என்று சீட்டு எழுதி எஸ்தரிடம் அனுப்பினார். அந்தச் சீட்டை எஸ்தர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

எங்களுக்கு ஊசி போட முடிவான நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது.

மருந்து என் கிளினிக் ஃபிரிட்ஜில் இருந்தது. அப்போது பெரிய ஃபிரிட்ஜ் என்னிடம்தான் இருந்தது. ஊசி போடும் இடம் எஸ்தரின் கிளினிக். பத்து மணிக்கு எல்லோரும் வருகிறார்கள். நாள் குறித்தது நான். அன்று வைகாசிக் கருடசேவை என்பது என் நினைவிலேயே இல்லை! இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். காலையில் கிளினிக்கைத் திறந்தால் தெருவெல்லாம் தலை. சாமி புறப்பாட்டுக்காக மின்சாரத்தை வேறு நிறுத்திவிட்டார்கள். என் இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுற்றுமே தவிர ஃபிரிட்ஜை இழுக்காது. எஸ்தருக்குப் போன் செய்தேன். "ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீங்க! நான் வரேன்!" என்றார். அவர் எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அரை மணி நேரத்தில், வியர்வை வழிய, ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றார்.

அந்த மருந்து எட்டு டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது. இரண்டுக்குக் கீழே போய் உறையவும் கூடாது. உறைந்தால் அது வெறும் தண்ணீர். ஐஸ் பாக்கெட்டுகளைத் துணியில் சுற்றி, நடுவில் மருந்தை வைத்து, ஒரு வெப்பமானியையும் உள்ளே வைத்து மூடினார். ஆட்டோ கிடையாது. பைக் நகராது. "நடப்போம்" என்றார். "உங்க நெஞ்சு?" என்றேன். "அது என்னை விட நல்லா நடக்கும். பொட்டியை நீங்க தூக்குங்க."

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காந்தி ரோட்டுக்கு வந்தேன். கருடன் மேல் பெருமாள் தூரத்தில் குடைகளோடு தெரிந்தார். லட்சக்கணக்கான கை மேலே கூப்பியிருந்தது. என் முன்னால் ஒரு குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஆள் திரும்பி என் பெட்டியைப் பார்த்தார்.

"ஐஸ் என்னா வெலைபா?"

"விக்கறது இல்ல" என்றேன்.

"ஏன்பா, கொளந்த அழுவுதுல்ல? ஒண்ணு குடேன்."

பின்னாலிருந்து இன்னும் இரண்டு பேர், "சேமியா ஐஸ் இருக்குதா?" என்றார்கள். ஒரு கை வந்து பெட்டி மூடியைத் திறக்கப் பார்த்தது. என் உயிர் போய் வந்தது. அப்போது எஸ்தர் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஐஸ் இல்லப்பா, ஊசி! ஊசி வருது, வழி விடுங்க!"

மந்திரம் போல இருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அப்பாவின் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டது. "ஊசியாம், ஊசியாம்" என்று முன்னால் செய்தி போனது. பக்கவாட்டில் ஆட்கள் ஒதுங்கினார்கள். மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், "டாக்டரம்மாவுக்கு வழி வுடுங்கபா" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். பெருமாளுக்குக் கூடிய கூட்டத்தில் இரண்டு ஆள் போகிற அளவுக்கு ஒரு சந்து திறந்தது. எஸ்தர் முன்னால் கத்திக்கொண்டே ஓட, நான் பெட்டியோடு பின்னால் ஓடினேன். எனக்கு அப்போது ஐம்பது வயது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பள்ளிக்கூட நாட்களில்கூட அனுபவித்ததில்லை.

கிளினிக்கில் பெட்டியைத் திறந்தபோது வெப்பமானி ஆறு காட்டியது. எஸ்தர் கை தட்டினார். மல்லிகாவும் குமரேசனும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், சொன்னபடியே கண்ணால் பார்க்க.

முதல் ஊசி எஸ்தருக்கு. செயற்கை வால்வு வைத்தவர் என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர். "மெல்லிசு ஊசி எடு ரோஸி, போட்டதும் அஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடி, தேய்க்காதே" என்று மல்லிகாவுக்குக் கேட்கும்படி சொன்னார். தன் உடம்பை வைத்தே பாடம் நடத்துவது அவருக்குப் பழக்கம். இரண்டாவது நான். ரோஸி பஞ்சை வைத்ததுமே எனக்குக் கண் இருட்டியது. மல்லிகா எழுந்து வந்து, தறி நெய்து காய்த்துப் போன அந்தக் கையால் என் தாடையைப் பிடித்துத் திருப்பினார். "இந்தப் பக்கம் பாருங்க டாக்டர். என் மொகத்தப் பாருங்க. ஒண்ணும் இல்ல, அவ்ளோதான்." முடிந்துவிட்டிருந்தது. என்னால் சாகக் கிடந்து பிழைத்தவர் என் பயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். எல்லோரும் ஊசிக்கு அழுகிறேன் என்று சிரித்தார்கள். எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மல்லிகா போட்டுக்கொண்டார். தெருவுக்குள் போய், "ரெண்டு டாக்டருங்களும் என் கண்ணு முன்னாடிதான் போட்டுக்கினாங்க" என்று அவர் சொன்னதுதான் நடந்த விளம்பரம் எல்லாம். அடுத்த வாரம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

எஸ்தர் எதையும் கூட்டிச் சொன்னதில்லை. "ரெண்டு நாள் கை வலிக்கும். சிலருக்கு மூட்டு கொஞ்சம் கோவிச்சுக்கும். கோவம் ஆறிடும். ஆறலன்னா என் வீட்டுக் கதவைத் தட்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார். ஒருமுறை புது விதமான மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண், தனக்கு எப்போது ஊசி போடலாம் என்று கேட்டார். எஸ்தருக்குப் பதில் தெரியவில்லை. நானாக இருந்தால் புருவத்தை உயர்த்தி, "அப்புறம் பார்க்கலாம்" என்றிருப்பேன். அவர், "எனக்கு இது தெரியலமா. இருங்க, தெரிஞ்சவங்களைக் கேக்கலாம்" என்று அந்தப் பெண்ணின் எதிரிலேயே சென்னையில் இருந்த தன் பழைய வகுப்புத் தோழிக்குப் போன் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்து, மாணவி போலக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அந்தப் பெண் போகும்போது, "மேடத்துக்குத் தெரியலன்னாலும் மறைக்கல" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்தது. மருத்துவராக எனக்குக் கிடைக்காத பாராட்டு அது.

இனி நான் எழுதத் தயங்கியதை எழுதுகிறேன். எஸ்தரின் கணவர் பீட்டர், "எழுதுங்க டாக்டர், அவ இருந்தா மைக் வெச்சு சொல்லியிருப்பா" என்றார்.

அடக்க ஆராதனை முடிந்து தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "வருஷா வருஷம் ஊசி போட்டுக்கினு இருந்தாங்களே, அதான் ஹார்ட் நின்னுப்போச்சு." இரண்டு நாளில் அது ஊரெல்லாம் போனது. போனில் யாரோ குரல் பதிந்து அனுப்பியிருந்தார்கள். ஒன்பது வயதில் பழுதான இதயம், முப்பது வருடத்துக்கு மேல் ஒரு செயற்கை வால்வை வைத்துக்கொண்டு ஓடிய இதயம், கடைசியில் அந்த வால்வில் ரத்தம் கட்டி நின்றது. அதுதான் நடந்தது. ஆனால் அவர் கடைசியாக எண்ணி வைத்த ஊசிகள் ஃபிரிட்ஜில் இருந்தன. அவற்றைப் போட அவர் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ரத்து செய்துவிடலாமா என்று பீட்டரைக் கேட்டேன். "அதை ரத்து பண்ணா அவ மறுபடியும் செத்துடுவா" என்றார்.

ஞாயிறு காலை ஐம்பது நாற்காலி போட்டோம். பதினோரு பேர் வந்தார்கள். அவர்களைத் தவிர சம்பந்தம் சாரும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுந்து, வால்வின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். ஒரு பெரியவர், "நீங்க டாக்டருங்க, ஒருத்தர ஒருத்தர் வுட்டுக்குடுக்க மாட்டீங்க" என்று எழுந்து வெளியே போனார். கூடவே மூன்று பேர் போனார்கள்.

அப்போது மல்லிகா எழுந்தார்.

"ஏன்பா போறீங்க? நான் ஊசி போடாம மிஷினுல ஆறு நாள் கெடந்தவ. போட்டுக்கினு மூணு வருஷமா தறி நெய்யறேன். அந்தம்மா என்கிட்ட தப்பு என்னுதுன்னு சொன்னாங்க. எந்த டாக்டர்பா அப்படி சொல்லுவாங்க? தப்பையே மறைக்காதவங்க இத மறைப்பாங்களா?" கையை நீட்டினார். "ரோஸி, மொதல்ல எனக்குப் போடுமா."

போன நால்வரும் திரும்பி வரவில்லை. கதையாக இருந்தால் வந்திருப்பார்கள். மீதி ஏழு பேரும் போட்டுக்கொண்டார்கள். திங்கட்கிழமை இரண்டு பேர் வந்தார்கள். புதன்கிழமை ஏனாத்தூரிலிருந்து ஒரு ஆட்டோ நிறைய வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை, எழுந்து போன அந்தப் பெரியவரின் மனைவி தனியாக வந்து, "அவருகிட்ட சொல்லாதீங்க" என்று கையை நீட்டினார். சம்பந்தம் சார் மட்டும் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. நான் விடப்போவதில்லை.

எஸ்தரிடமிருந்து எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், எதையும் நாளைக்கு என்று தள்ளாத அவருடைய அவசரத்தை என்று சொல்வேன். நேற்று கிளினிக்கை மூடுகிற நேரத்தில் திருமுக்கூடலிலிருந்து ஒரு அம்மா வந்தார். முடக்குவாதத்துக்கு மாத்திரை தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாத்திரைச் சீட்டை மட்டும் சரிபார்த்து அனுப்பியிருக்கலாம். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். ஊசியைப் பற்றிச் சொன்னேன், எதற்கு, எப்போது, என்ன வலிக்கும் என்று சொன்னேன், நான் ஒருத்தரை வேண்டாம் என்று தடுத்ததையும் சொன்னேன். பஸ் போய்விட்டது. என் மகளை வண்டியை எடுக்கச் சொல்லி, அந்த அம்மாவை ஊரில் கொண்டுபோய் விட்டு வந்தோம்.